ஓரெழுத்துக் கட்டளைகள்

இன்று ஆபீசுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். மேசைகளை எல்லாம் நடுவில் இழுத்துப் போட்டபோது, உன் உம்மா கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டி அடியிலிருந்து வெளியே வந்தது. வந்த நாளிலிருந்து அதை நான் பிரிக்கவே இல்லை. சுண்ணாம்பு பட்டுவிடுமே என்று இன்று பிரித்தேன். உள்ளே உன் கீபோர்டு.

புது மேனேஜர் சார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உன்னைப் பார்த்ததில்லை.

"என்னம்மா இது, எல்லா எழுத்தும் புதுசு மாதிரி இருக்கு. இந்த நாலு மட்டும் மொழுமொழுன்னு அழிஞ்சு போயிருக்கு. யாராவது கேம் ஆடுனாங்களா?"

"இல்ல சார், வேலைதான் பாத்தாங்க."

"நாலு எழுத்துலயா?"

"நாலு எழுத்துலதான் சார்."

அவர் சிரித்தார். நான் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் பெயின்ட்காரர் ஏணியை நகர்த்த வந்துவிட்டார், பேச்சு அறுந்துபோனது. சாரிடம் ஆரம்பித்ததை உனக்கே எழுதி முடிக்கலாம் என்று தோன்றுகிறது. உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனால் நீ உன் நாற்காலியிலிருந்து பார்த்தாய், நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன். என் பக்கத்தை உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா? "அப்புறம்? அப்ப நீ என்ன நெனச்ச?" என்று துளைத்திருப்பாய்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் இங்கே சேர்ந்தோம். திருத்துறைப்பூண்டியில் உரக்கடைக்கு மேல்மாடி, விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற சின்னக் கம்பெனி. நான் உள்ளூர், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். நீ முத்துப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தாய். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்தவள், வாப்பா தவறியதும் உம்மாவுக்குத் துணையாக ஊர் திரும்பியிருந்தாய். தம்பி ஷார்ஜாவில் இருந்தான்.

நம் வேலையை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைக்க நீ எவ்வளவு பாடுபடுவாய். இது கடைமடை. மழை பெய்தால் வயல் தண்ணீர் வடிகாலுக்குப் போகவேண்டும், வடிகால் கடலுக்குப் போகவேண்டும். கடல் ஏறியிருக்கிற நேரத்தில் வயல் மடையின் பலகையைத் திறந்தால் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும். எந்த ஊரில் எவ்வளவு மழை, வடிகாலில் எவ்வளவு தண்ணீர், கடல் எப்போது இறங்கும் என்று கணக்குப் போட்டு, பலகையை எப்போது திறக்கலாம் என்று விவசாயிகளின் போனுக்குக் குரல் செய்தி அனுப்புவோம். குரல் என்னுடையது. கணக்குப் போடும் புரோகிராம்கள் உன்னுடையவை. ஊரில் எல்லாருக்கும் என் குரல் தெரியும். உன்னை யாருக்கும் தெரியாது. அது உனக்கு வேடிக்கையாக இருந்தது.

நீ பயன்படுத்திய லினக்ஸில் படத்தைத் தொட்டு வேலை வாங்குவது குறைவு. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்கவேண்டும். செய்தி அனுப்பும் கட்டளை மிக நீளம். எந்த ஃபோல்டர், எந்த ஃபைல், எந்த ஊர்கள், எந்தக் குரல் என்று போய்க்கொண்டே இருந்து, திரையின் ஓரத்தில் இடித்து அடுத்த வரிக்கு மடங்கும். அதைப் பார்க்காமலே தப்பில்லாமல் அடிப்பதில் எனக்குப் பெருமை. நீ தாடையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏன்டி, இதை தினமும் முழுசா அடிக்கிறியே, உன் பேரை யாராவது கேட்டா உங்க தாத்தா, பாட்டன், ஊரு, தெரு எல்லாம் சேத்தா சொல்லுவ?"

"அதுக்கு?"

"இதுக்கு ஒரு பேர் வச்சிருவோம். கூப்புட்டா வந்து நிக்கட்டும்."

பேர் வைக்கும் உரிமையை எனக்குக் கொடுத்தாய். ஊருக்கெல்லாம் சேதி சொல்கிற கட்டளை என்பதால் தண்டோரா என்றேன். "அடிக்கிறதுக்குள்ள கடலே எறங்கிடும்" என்றாய். கடைசியில் 'ஊது' என்று முடிவானது. ஏலியாஸ் என்ற சொல், ஓர் இடைவெளி, நாம் வைக்கும் பேர், சமக்குறி, பிறகு மேற்கோள் குறிகளுக்குள் அந்த நீளக் கட்டளை, அவ்வளவுதான் என்றாய். நான் அடித்தேன். கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் மறுத்தது. நீ திரைக்கு மூக்கு படுகிற அளவு குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய். சமக்குறிக்கு முன்னாலும் பின்னாலும் நான் ஒழுங்காக இடம் விட்டிருந்தேன். இன்ஸ்டிட்யூட்டில் அப்படித்தான் அடித்துப் பழக்கினார்கள். இங்கே ஒட்டி அடிக்கவேண்டுமாம். "பேருக்கும் ஆளுக்கும் நடுவுல சந்து விட்டா இதுக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாதாம்" என்றாய். ஒட்டி அடித்தேன். பிறகு 'ஊது' என்று அடித்தபோது அந்த முழு வேலையும் நடந்தது. எனக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்தது. உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை 'ஊது' என்றால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. நேற்று திரையை மூடிவிட்டுப் போனதோடு பேரும் போய்விட்டது. எனக்கு எரிச்சல். உனக்கோ முகமெல்லாம் வெளிச்சம்.

"பாரேன், மூடுனா மறந்துருது. அப்ப இது எங்கே ஞாபகம் வச்சுக்குது? எங்கேயாவது வச்சுக்குமில்ல?"

தேடிக் கண்டுபிடித்தாய். நம் கோப்புகள் இருக்கும் இடத்திலேயே, புள்ளியில் தொடங்கும் பேரோடு ஒரு ஃபைல் மறைவாக இருக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை திரை திறக்கும்போதும் கம்ப்யூட்டர் அதை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. அதில் எழுதிவைத்தால் போதும். எழுதிச் சேமித்தாய். அப்போதும் வேலை செய்யவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே திறந்திருந்த திரை பழையதையே படித்திருந்தது. மூடித் திறந்தாய், வந்தது. இதற்கெல்லாம் ஒரு முழுக் காலைப்பொழுது போனது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு நீ கண்ணில் பட்டதற்கெல்லாம் பேர் வைத்தாய். மழைக் கணக்குக்கு 'மழை', வடிகால் அளவுக்கு 'வடி'. எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் அடித்தோம். ஒருநாள், தமிழ் எழுத்திலேயே வைத்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'மழை' என்று தமிழிலேயே வைத்துப் பார்த்தாய், வேலை செய்தது. ஆனால் திரையில் ழகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய ஐகாரக் கொம்பு பின்னால் போய் நின்றுகொண்டது. "படிக்கத் தெரியல, ஆனா சொன்னதைக் கேக்குது" என்று ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு அன்று புரியவில்லை.

விடியற்காலைச் செய்தி தானாகப் போகட்டும் என்று நேரம் குறித்து வைத்தோமே, அது ஞாபகம் இருக்கிறதா? நேரத்துக்கு எதிரே 'ஊது' என்று எழுதிவைத்தோம். காலையில் செய்தி போகவில்லை. விவசாயிகள் போன் போட்டு, "என்னங்க, இன்னிக்கு உங்களுக்கு லீவா?" என்று கேட்டார்கள். நாம் உட்கார்ந்து அடித்தால் போகிறது. தானாக எழுந்தால் 'ஊது' தெரியாது என்கிறது. சாயங்காலம்தான் உனக்குப் பிடிபட்டது. ஆள் உட்கார்ந்து திரையைத் திறந்தால்தான் அந்த மறைவான ஃபைலைப் படிக்கும். தானாக நடக்கும் வேலை அதைப் படிப்பதில்லை.

"செல்லப்பேரு வீட்டு ஆளுங்களுக்குத்தான்டி. வெளி ஆளுக்கு முழுப்பேரு சொல்லணும்" என்றாய்.

இதையெல்லாம் நான் உன் விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பேர்கள் நாளுக்கு நாள் சுருங்கின. 'மழை' என்பது முதல் இரண்டெழுத்தானது. 'ஊது'வும் இரண்டெழுத்துக்கு வந்தது, அடுத்து ஒன்றரை எழுத்தா என்று நான் கேலி செய்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் உன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, வலது கையை என் முன்னால் நீட்டினாய்.

"சுண்டுவிரலைப் பாரு. நான் மடங்குன்னு சொல்றேன்."

பார்த்தேன். விரல் அசையவில்லை.

"பாரு, கேக்கல. பக்கத்து விரலும் பாதிதான் கேக்குது. ரெண்டு மாசமாவே இப்படித்தான். வலி ஒண்ணும் இல்லடி. அதான் ஆச்சரியமா இருக்கு."

ஒரு புரோகிராமில் தப்பு எங்கே என்று தேடும்போது இருக்கும் முகம்தான் அப்போதும் உனக்கு இருந்தது. நீ பேர்களைச் சுருக்கியது விளையாட்டுக்கு இல்லை என்று அந்த பஸ் ஸ்டாண்டில் தெரிந்துகொண்டேன். டாக்டரிடம் போ என்றேன். "போறேன், போறேன்" என்றபடி பஸ் ஏறினாய்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்துச் சோதனைகள் செய்தது கார்த்திகை மாசம். அந்த வாரம்தான் புயல் கரைக்கு வந்தது. மழை விட்ட மறுநாள் காலையில் நான் ஆபீஸ் வந்தபோது கரண்ட் இல்லை. யூபிஎஸ்ஸும் இறங்கிப்போயிருந்தது. சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். வயலெல்லாம் ஒரே வெள்ளக்காடு, பயிரின் நுனி மட்டும்தான் தெரிந்தது. மதியத்துக்கு மேல் கடல் இறங்கும். அந்தச் சில மணி நேரத்தில் பலகையைத் திறந்தால்தான் தண்ணீர் வடியும். சாயங்காலம் கடல் மறுபடி ஏறுவதற்குள் அடைத்துவிடவும் வேண்டும். நேரத்தை எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும்.

ஆபீஸ் லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. உன் புரோகிராம்களை எல்லாம் அதிலும் நாம் போட்டுவைத்திருந்தோம். திறந்து, 'ஊது'வின் அந்த இரண்டெழுத்தை அடித்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது. உனக்குப் போன் போட்டேன். நாலைந்து முறை அறுந்தபிறகு எடுத்தாய்.

"எல்லாத்தையும் காப்பி பண்ணினோமேடி, ஏன் தெரியலங்குது?"

"காப்பி பண்ணும்போது கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தானே பண்ணினோம். அந்த ஃபைல்தான் கண்ணுக்கே தெரியாதே. சரி, முழுசா அடி."

"முழுசு என்ன?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"எனக்கும் ஞாபகம் இல்லடி" என்றாய். "பேரு வச்ச நாள்லேர்ந்து நெனச்சுக்கூடப் பாக்கல. உனக்குக் கண்ணை மூடிக்கிட்டு அடிக்க வருமே?"

விரல்களைக் கீபோர்டில் வைத்துப் பார்த்தேன். முதல் சில சொற்கள் வந்தன. அதற்கு மேல் விரல் நின்றுவிட்டது. அவ்வளவு பெருமையாக அடித்த கட்டளை என் கையை விட்டே போயிருந்தது. நீ அந்தப் பக்கம் சன்னமாகச் சிரித்தாய். "ரெண்டு பேரும் மறந்துட்டோம், மெஷினுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றாய். பிறகு குரல் மாறியது. "என் மெஷினைத் தூக்கிட்டுக் கரண்ட் இருக்கிற எடத்துக்குப் போ. ரைஸ் மில்லுல ஜெனரேட்டர் ஓடும்."

பக்கிரிசாமி அண்ணன் நல்ல நேரத்தில் மாடியேறி வந்தார். தெற்குப் பக்கத்து ஊர்களில் மழை அளவு பார்த்துச் சொல்கிறவர், அவருக்கும் மூழ்கிய வயல் இருந்தது. உன் கம்ப்யூட்டர் பெட்டியைப் பாலிதீன் சுற்றி உரச்சாக்குக்குள் வைத்துக் கட்டினார். நான் பிள்ளையை அணைப்பது போல் அதை அணைத்துக்கொண்டு அவருடைய டிவிஎஸ்ஸின் பின்னால் உட்கார்ந்தேன். ரோட்டை அறுத்துக்கொண்டு தண்ணீர் ஓடிய இடத்தில் இறங்கி, சாக்கைத் தலையில் வைத்துக் கடந்தேன். மில் ஆபீசில் ஒரு பழைய மானிட்டர் இருந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, தவிட்டுத் தூசி மூக்கில் ஏறியது. என் செல்போனிலிருந்து இன்டர்நெட் எடுத்து, உன் திரையைத் திறந்து, இரண்டெழுத்து அடித்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பக்கத்தில் நின்ற பக்கிரிசாமி அண்ணனின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"அண்ணே, அது நான்தான். போயிருச்சு" என்றேன்.

"இருங்க, போன்ல சொல்றாங்க" என்று என்னைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, அவர் அதை முழுசாகக் கேட்டார். 'மதியத்துக்கு மேல் கடல் இறங்குது, பலகையைத் திறங்க, சாயங்காலம் மறக்காம அடைங்க' என்று என் குரல் அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டு முடித்து, போனைப் பையில் போட்டார். "சரிங்க, நான் பலகையைத் தூக்கணும்" என்று என்னிடமே சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மில்லிலேயே நின்றேன்.

எல்லா வயலும் தப்பியது என்று சொல்லமாட்டேன். பள்ளத்து வயல்கள் அழுகி மறுநடவு போட்டார்கள். மேட்டு வயல்களும் நடுத்தர வயல்களும் பெரும்பாலும் தப்பின. பக்கிரிசாமி அண்ணன் வயல் தப்பியது. சாயங்காலம் உனக்குச் சொன்னபோது, எந்த ஊரில் எவ்வளவு வடிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதற்கு, "நாளைக்குச் சொல்றேன்" என்றாய். நான் முதலில் போன் போட்டபோதே டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் சொல்பேச்சுக் கேட்காமல் போகும் நோய். நிறுத்த மருந்து இல்லை. அதைக் கேட்ட காதோடுதான் நீ என் கட்டளைப் புலம்பலைக் கேட்டிருக்கிறாய்.

நீ திரும்பி வந்து செய்த முதல் காரியம், அந்த ஃபைலைத் திறந்து ஒவ்வொரு பேருக்கும் மேலே அது என்ன செய்கிறது, ஏன் வைத்தோம் என்று தமிழில் ஒரு வரி எழுதியது. வரியின் தொடக்கத்தில் ஒரு குறி போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிவிடும், மனிதர்கள் மட்டும் படிக்கலாம் என்றாய். எழுத எழுத உன் கை சோர்ந்து போனது. மிச்சத்தை நீ சொல்ல நான் அடித்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நீ உன் கையை அளந்துகொண்டே இருந்தாய். கண்ணை மூடிக்கொண்டு கையைக் கீபோர்டில் வைப்பாய். எந்த விரல் எந்த எழுத்து வரை போகிறது என்று பார்ப்பாய். "இது வரைக்கும் போகுது. இதுக்கு மேல போகல" என்பாய். அதற்கேற்ப பேர்களை மாற்றுவாய். எட்டாத எழுத்துள்ள பேரை எட்டுகிற எழுத்துக்குக் கொண்டுவருவாய். வலது கை முழுசாக நின்றதும் எல்லாம் இடது கைப் பக்கம் குடிவந்தன. ஒரு கட்டத்தில் பக்கத்துப் பக்கத்து மூன்று எழுத்துகள்தான் மிஞ்சின. எண்டர் கீ எட்டாத தூரத்தில் இருந்ததால் அந்த வேலையை நாலாவது எழுத்துக்குக் கொடுத்தாய். அந்த மூன்றெழுத்தை ஒற்றையாகவும் இரட்டையாகவும் அடித்து, வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடியே அந்த வருஷத்து வேலையை முழுக்கச் செய்தாய். மேனேஜர் சாரிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கை நடுங்கி ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை எழுத்து விழுந்துவிடும். தப்பான நேரம் ஊருக்குப் போய்விட்டால்? அதனால் செய்தி அனுப்பும் பேரை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக்கினாய். அடித்தாலும் உடனே போகாது. திரையில் ஒரு கேள்வி வரும்: "நெசமாவா புள்ள?" உம்மா உன்னைக் கேட்கிற அதே கேள்வி. இன்னொரு தடவை அழுத்தினால்தான் போகும்.

"கை போய்க்கிட்டே இருக்கு, வேலை மட்டும் கொறையலயே. அப்ப வேலைங்கிறது கையில இல்லையா?" என்று ஒருநாள் கேட்டாய்.

நீ எப்போதும் இப்படியே இருந்தாய் என்று எழுதினால் பொய். ஒருநாள் நான் வந்தபோது நீ தலைத்துணிக்கு ஊக்குக் குத்த முயன்றுகொண்டிருந்தாய். டாக்டரிடம் போகவேண்டிய நாள். ஊக்கு விழுந்தது. நான் எடுத்துத் தந்தேன், மறுபடி விழுந்தது. உம்மா குத்திவிட வந்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாய். "இதுக்கு ஷார்ட்கட் கெடையாதுடி" என்றாய். உம்மா ஊக்கைக் குத்திவிட்டு, உன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டார். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றேன்.

பிறகு பேச்சும் போக ஆரம்பித்தது. உதடு சேரவேண்டிய எழுத்துகள் முதலில் போயின. உன்னால் உம்மா என்று சொல்ல முடியவில்லை. அந்த வாரம் உம்மா சாப்பிட்ட மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லை. உயிரெழுத்துகள் சில மட்டும் தெளிவாக வந்தன. அப்போதுதான், கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத உம்மா அதைச் சொன்னார்.

"பொட்டியில ஒரு எழுத்துக்கு ஒரு வேலைன்னு வச்சிருக்கீங்கள்ல. அதையே வாய்க்கு வச்சுக்கிட்டா என்ன?"

நீ உம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எந்தப் புரோகிராமையும் நீ அப்படிப் பார்த்ததில்லை. அன்று மதியம் நாம் மூவரும் உட்கார்ந்து எழுத்துகளுக்கு வேலை பிரித்தோம். 'ஆ' என்றால் தலையணையை உயர்த்தவேண்டும். 'ஈ' என்றால் ஜன்னலைத் திறக்கவேண்டும். 'ஊ' என்றால் உடம்பைத் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். 'ஏ' மிச்சம் இருந்தது. அது உனக்கு மிகத் தெளிவாக வருகிற எழுத்து.

"அதைத் தண்ணிக்கு வைப்போம்" என்றார் உம்மா.

நீ கண்ணால் மறுத்தாய். கண்ணாலேயே திரையைக் காட்டச் சொன்னாய். அசைகிற ஒரே விரலால் ஒரு பொத்தானை அழுத்தி, திரையில் தானாக நகரும் எழுத்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி எழுதினாய். உம்மா அதற்குள் உலையை வைத்துவிட்டே வந்துவிட்டார். திரையில் இப்படி இருந்தது: 'அது என்னன்னு பாத்துட்டு வந்து சொல்லு.'

"அடியே, தண்ணி தவிச்சா என்ன பண்ணுவ?" என்று உம்மா கேட்டார். தண்ணீர்ச் செம்பைக் கண்ணால் காட்டி, அதற்குக் கண் போதும் என்பது போல் பார்த்தாய்.

தெருவில் சத்தம் கேட்டால் 'ஏ'. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் 'ஏ'. முதல் தடவை நான் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல, லாரி" என்றேன். 'ஏ' என்றாய். போய்ப் பார்த்து, "வைக்கோல் லாரி" என்றேன். மறுபடி 'ஏ'. மறுபடி போனேன். வைக்கோல் சரிந்து கரண்ட் கம்பியில் மாட்டியிருந்தது, டிரைவர் மேலே ஏறிக் கம்பால் நெம்பிக்கொண்டிருந்தார், கீழே நாலு பேர் நாலு விதமாக வழி சொன்னார்கள், எதிரே வந்த மீன்காரர் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். எல்லாவற்றையும் வந்து சொன்னேன். அப்போதுதான் நீ விட்டாய். அதற்குப் பிறகு ஒரே தடவையில் முழுசாகப் பார்த்துவிட்டு வரப் பழகிக்கொண்டேன்.

நீ போன அன்று நான் அங்கே இல்லை. உம்மா போனில், "மௌத்தாயிட்டா புள்ள, வா" என்று மட்டும் சொன்னார். வந்தேன். பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி உனக்கு எழுத ஒன்றும் இல்லை.

உன் தம்பி இப்போது ஊரோடு வந்துவிட்டான், அவன் மனைவியும் பிள்ளைகளும் உம்மாவோடு இருக்கிறார்கள். போன மாசம் நான் போயிருந்தேன். உம்மா கறி நறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி மனைவியைப் பார்த்து "ஈ" என்றார். அவள் கையிலிருந்ததை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். அந்தப் பெண் உன்னைப் பார்த்ததே கொஞ்ச நாள்தான். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். யாரும் அதைப் புதுமையாக நினைப்பதாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வாசல் பக்கம் யாரோ உரக்கப் பேசும் சத்தம் கேட்டது. உம்மா கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் "ஏ" என்றார். நான் எழுந்து போனேன். அறுவடை மிஷின் ஒன்று தெருமுனையில் திரும்பமுடியாமல் நின்றது, ஒரு வீட்டுக் கூரைத் தகரத்தை உரசிவிட்டிருந்தது. யார் வீடு, யார் மிஷின், எந்த வயலுக்குப் போகிறது, தகரம் எவ்வளவு மடங்கியிருக்கிறது, வீட்டுக்கார அம்மா என்ன சொல்கிறார், டிரைவர் என்ன பதில் சொல்கிறார் என்று எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டேன். உள்ளே வந்து உம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்து உட்காரும் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது.